மின்வெட்டுக் காலத்தில் எந்த நேரத்தில் மிச்சம் பிடிப்பது?

குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கும் நீங்கள் நான்கு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டுவிட்டீர்கள். மின்பற்றாக்குறை வரும்போதெல்லாம் சிக்கனமாக இருங்கள் என்கிறார்களே, என் வீட்டில் இரண்டு விளக்கை அணைப்பதால் மாநிலத்துக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்பது முதல் கேள்வி. பையன் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படிக்கிறான், பேசாமல் பெரிய இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி வைத்துவிடலாமா என்பது அடுத்தது. பிளக்கில் செருகிவிட்டால் மின்கட்டணம் பாதியாகும் என்று விற்கப்படும் சிறிய பெட்டியைப் பற்றியும், பேரணாம்பட்டுப் பக்கம் உங்கள் மாமனாரின் நிலத்தில் 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு ஒரே கோடையில் இரண்டு முறை காயில் எரிந்ததைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன், காட்பாடியில் குடியிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான்கு கேள்விகளும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன என்பதால் வரிசை சற்று முன்பின்னாக இருக்கும்.

பற்றாக்குறைக் காலத்தில் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறோம் என்பதைவிட எந்த நேரத்தில் மிச்சம் பிடிக்கிறோம் என்பதே முக்கியம். அந்த நேரம் பெரும்பாலும் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. அரிசி தட்டுப்பாடு என்றால் நேற்று மிச்சம் பிடித்த ஒரு படியை இன்று உலையில் போடலாம். மின்சாரத்துக்கு அந்தக் குணம் கிடையாது. உற்பத்தியாகும் நொடியிலேயே அது செலவாக வேண்டும். காலை 11 மணிக்கு நீங்கள் சேமித்த ஒரு யூனிட் உங்கள் பில்லைக் குறைக்கும், அனல் நிலையத்தில் ஏறத்தாழ முக்கால் கிலோ நிலக்கரியையும் மிச்சமாக்கும். ஆனால் அன்று இரவு 7 மணிக்கு ஊர் இருளில் மூழ்குவதை அது தடுக்காது. கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் உபரி மின்சாரத்தைக் கொண்டு நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவையான நேரத்தில் கீழே இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் மொத்தத் தேவைக்கு முன்னால் அது ஒரு குடம் தண்ணீர்தான்.

2012-ஆம் ஆண்டை உங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாநிலத்தில் பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட் வரை போனது. சென்னைக்கு 2 மணி நேர வெட்டு என்றால் நம் பக்கத்தில் 10 மணி நேரத்துக்கும் மேல். தண்ணீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று வேலூரைப் பற்றிப் பழங்காலத்திலிருந்தே ஒரு பட்டியல் சொல்வார்கள் அல்லவா, அதில் கரண்ட் இல்லாத கம்பியையும் சேர்த்துக்கொண்ட காலம் அது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் டிரம்கள் டீசல் ஜெனரேட்டரில் சுற்றின. உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு 40 சதவீத வெட்டு, மாலை உச்ச நேரத்தில் அதைவிடக் கடுமையான கட்டுப்பாடு. எங்கள் தெரு மாவு மில்லில் கரண்ட் வரும் நேரத்தைச் சிலேட்டில் எழுதி மாட்டியிருந்தார்கள். அந்த நேரத்துக்குத் தூக்குகளை வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். இலவசமாகக் கிடைத்த மிக்சியும் கிரைண்டரும் வீட்டில் இருந்தன, அவற்றைச் சுழற்ற வேண்டிய மின்சாரம்தான் இல்லை. பணம் கொடுத்து வடக்கிலிருந்து வாங்கியிருக்கலாமே என்று கேட்டால், தென் மாநிலங்களின் மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு நேரடியாக ஒத்தியங்கத் தொடங்கியதே 2013 டிசம்பர் 31-ஆம் தேதி, ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதையில்தான். அதற்கு முன்பு குறுகிய சில வாசல்கள் வழியாகவே மின்சாரம் வர முடிந்தது.

இப்போது நிலைமை வேறு. 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, அதையும் சமாளித்தார்கள். பகலில் சூரிய மின்சாரம் தாராளமாக வருகிறது. மே முதல் செப்டம்பர் வரை முப்பந்தல், கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகள் கைகொடுக்கின்றன. சிக்கல் வருவது சூரியன் மறைந்த பிறகு. கத்திரி வெயிலில் காய்ந்த வேலூர்ச் சுவர்கள் மாலையில்தான் வெப்பத்தை வீட்டுக்குள் இறக்கும். அந்த நேரத்தில் எல்லா வீட்டிலும் விளக்கு, மின்விசிறி, ஏசி, தொலைக்காட்சி, மிக்சி என்று ஒன்றாகக் கேட்கிறோம், அதே நேரத்தில் சூரியத் தகடுகள் பூஜ்யத்துக்கு இறங்குகின்றன. தொழிற்சாலைகளுக்கு 2022 முதல் காலை 6–10, மாலை 6–10 ஆகிய நேரங்களில் 25 சதவீதம் கூடுதல் கட்டணம் விதித்திருப்பதன் காரணம் இதுதான். வீடுகளுக்கு அப்படி இல்லை என்பதால் நாம் நேரத்தைப் பற்றி நினைப்பதே இல்லை.

இனி உங்கள் இரண்டு விளக்குகள். பழைய பட்டைச் சோக் வைத்த ஒரு டியூப் லைட் 50 வாட்டுக்குச் சற்று மேல் எடுக்கும். தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புகள் 2 கோடிக்கு மேல். 2 கோடி வீடுகளில் மாலை 7 மணிக்கு 50 வாட் குறைந்தால் அது 1,000 மெகாவாட். கூடங்குளத்தின் ஓர் உலை தரும் அளவு. எல்லோரும் செய்ய மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், மாநிலப் பற்றாக்குறையை நம் வீடுகள்தான் தீர்க்க வேண்டும் என்று சொல்வதும் நியாயமல்ல. எனினும் இன்னொரு கணக்கு இருக்கிறது, அது உங்கள் தெருவுக்கே உரியது. கம்பியில் வீணாகும் மின்சாரம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மின்னோட்டம் 10 சதவீதம் குறைந்தால் அந்த இழப்பு 19 சதவீதம் குறையும். கம்பி தளர்ந்து கிடக்கும் தெருக்கோடி வீட்டில் விளக்கு மங்குவதும் மின்விசிறி நகர மறுப்பதும் உச்ச நேரத்து மின்னோட்டத்தால்தான். எனவே அந்த நான்கு மணி நேரத்தில் அணைக்கும் விளக்கு, நடுப்பகலில் அணைக்கும் விளக்கைவிட அதிக வேலை செய்கிறது.

இதை வீட்டில் நடைமுறைப்படுத்துவது கடினமில்லை. இட்லி மாவை மாலையில் ஆட்டுவது நம் வழக்கம். அரிசியைக் காலையிலேயே ஊறவைத்துப் பிற்பகல் 3 மணிக்கு ஆட்டினால் புளிப்பதற்கும் நேரம் கிடைக்கும், வேலூர் வெயிலில் சொல்லவே வேண்டாம். இஸ்திரிப் பெட்டி 1,000 வாட், துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றைக் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் முடித்துக்கொள்ளுங்கள். வாட்டர் ஹீட்டர் 2,000 வாட்டுக்குக் குறையாது, ஆனால் சித்திரை வைகாசியில் மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீரே கையைச் சுடுகிற ஊரில் அதைப் பற்றிப் பேச்சு எதற்கு? பிரிட்ஜின் உறைபெட்டியில் பகலில் இரண்டு தண்ணீர்ப் புட்டிகளை உறையவிட்டு, மாலை 6 முதல் 8 வரை அதை அணைத்து வைக்கலாம். கதவைத் திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம் வரை உள்ளே இருக்கும் உணவுக்கு ஒன்றும் ஆகாது.

இன்வெர்ட்டரைப் பற்றி நான் சொல்லப்போவது உங்களுக்கு உவப்பாக இருக்காது. இன்வெர்ட்டர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, கடன் வாங்கித் தருகிறது, அதுவும் கந்து வட்டிக்கு. பேட்டரியைச் சார்ஜ் செய்ய மாற்றும்போது ஓர் இழப்பு, ஈய அமில பேட்டரிக்குள் ஓர் இழப்பு, மீண்டும் 230 வோல்ட்டாக மாற்றும்போது இன்னோர் இழப்பு. நீங்கள் ஒரு யூனிட் பயன்படுத்த, கம்பியிலிருந்து ஒன்றரை யூனிட்டுக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கிறது. மின்வெட்டில் அணைந்திருக்க வேண்டிய சுமை இவ்வாறு ஒன்றரை மடங்காகி, கரண்ட் வந்த அடுத்த மணியில் போய் உட்காருகிறது. 2012-இல் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கியபோது மின்வெட்டால் கிடைத்த நிவாரணத்தில் ஒரு பகுதியை இந்தக் கடன் அடைப்பே விழுங்கியது.

ஆயினும் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் வாங்காதே என்று சொல்ல எனக்கு மனமில்லை. கணக்கை மட்டும் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் பெயரளவில் 1,800 வாட் மணி. பேட்டரி நீண்ட நாள் உழைக்கப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. மாற்றும் இழப்பும் போகக் கைக்கு வருவது 750 வாட் மணி என்று வைத்துக்கொள்ளலாம். பழைய மின்விசிறி இரண்டு, பழைய டியூப் லைட் இரண்டு போட்டால் 260 வாட். மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. அதே இடத்தில் 30 வாட் எடுக்கும், பிஎல்டிசி எனப்படும் புதுவகைச் சிக்கன மின்விசிறி இரண்டும் 18 வாட் எல்இடி டியூப் இரண்டும் இருந்தால் 96 வாட். ஏழரை மணி நேரம் ஓடும். ஆகவே பெரிய இன்வெர்ட்டருக்குக் கொடுக்கும் பணத்தில் முதலில் மின்விசிறிகளை மாற்றுங்கள், பிறகு சிறிய இன்வெர்ட்டரே போதும் என்று நீங்களே சொல்வீர்கள். சில இன்வெர்ட்டர்களின் பின்புறம் சார்ஜ் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறிய சுவிட்ச் இருக்கும். அதைக் குறைந்த நிலையில் வையுங்கள். உச்ச நேரத்தில் சார்ஜ் ஆக வேண்டாம் என்று நினைத்து அதன் பிளக்கையே அணைத்துவிடாதீர்கள். கரண்ட் போய்விட்டது என்று எண்ணி அது பேட்டரியிலிருந்து ஓடத் தொடங்கிவிடும்.

கரண்ட் போகும் நேரத்தைவிடக் கரண்ட் வரும் நேரம்தான் ஆபத்தானது என்று என் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒரு தெருவுக்கு 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் இருப்பதாகவும் அதில் 90 வீடுகள் இருப்பதாகவும் கொள்வோம். அதிலிருந்து வரும் மூன்று பேஸ் கம்பிகளில் ஒன்றுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 133 ஆம்பியர், அதைப் பகிர்ந்துகொள்வது 30 வீடுகள், வீட்டுக்கு நாலரை ஆம்பியர். சாதாரண நாளில் இது போதும், ஏனென்றால் உங்கள் பிரிட்ஜ் ஓடும்போது என் பிரிட்ஜ் ஓய்ந்திருக்கும். இரண்டு மணி நேர வெட்டுக்குப் பிறகு கரண்ட் வரும்போது இந்த முறைவைப்பு குலைந்துவிடுகிறது. எல்லாப் பிரிட்ஜும் ஒரே நொடியில் கிளம்புகின்றன, எல்லா ஏசியும் கிளம்புகின்றன, எல்லா இன்வெர்ட்டரும் பசியோடு சார்ஜ் எடுக்கின்றன, தொட்டி காலியான வீடுகளில் மோட்டார் சுவிட்சைத் தட்டுகிறார்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போதே 6 ஆம்பியருக்கு மேல் எடுக்கும், புறப்படும் நொடியில் அதைப் போல ஐந்து மடங்கு. டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போகிறது. நம் ஊர்ப் பேச்சில் "பீஸ் போயிடுச்சு".

அதற்கு மேல்தான் வேடிக்கை. மும்முனை இணைப்புள்ள வீடுகளில் பேஸ் சேஞ்சர் வைத்திருப்பார்கள். ஒரு பேஸில் ஃபியூஸ் போனவுடன் அத்தனை வீட்டிலும் குமிழைத் திருப்பி அடுத்த பேஸுக்கு மாறுவார்கள். 30 வீடுகளுக்கான கம்பியில் 60 வீடுகள். சற்று நேரத்தில் அதுவும் போகும், மூன்றாவதற்கு மாறுவார்கள். ஒரு மே மாத இரவு எங்கள் தெருவில் இப்படி மூன்று முறை நடந்தது. மூன்றாவது முறையாக 11 மணிக்கு வந்த லைன்மேன் ஃபியூஸ் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறாமல் தெருவில் நின்று, "எல்லாரும் மெயினை ஆஃப் பண்ணுங்க, நான் சொல்றப்ப ஒவ்வொரு வீடா போடுங்க" என்று சத்தம் போட்டார். முணுமுணுத்துக்கொண்டே அணைத்தோம். அவர் ஃபியூஸ் போட்டு இறங்கி, தெருமுனை வீட்டிலிருந்து தொடங்கிக் கை காட்டிக்கொண்டே நடந்தார். விடியும் வரை ஒன்றும் போகவில்லை. பொருள் எதுவும் மாறவில்லை, டிரான்ஸ்பார்மரும் அதேதான்.

எனவே கரண்ட் போனதும் ஏசி, மோட்டார், பிரிட்ஜ் ஆகியவற்றை அணைத்துவிட்டு, கரண்ட் வந்தது தெரிய ஒரே ஒரு விளக்கை மட்டும் விட்டுவையுங்கள். வந்தபின் மின்விசிறி, ஐந்து நிமிடம் பொறுத்துப் பிரிட்ஜ், கால் மணி நேரம் கழித்து ஏசி, மோட்டார் அதற்கும் பிறகு. இதனால் உங்கள் கம்ப்ரஸரும் பிழைக்கும், ஏனெனில் கரண்ட் வந்த முதல் சில நிமிடங்களில் வோல்டேஜ் ஏறி இறங்கித்தான் நிலைப்படும்.

வீட்டில் எங்கே போகிறது என்று தெரியாமல் எதை மிச்சம் பிடிப்பது என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு கருவியும் வாங்க வேண்டாம், உங்கள் மின்மீட்டரே போதும். அதில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும், அருகில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்றிருந்தால், இரண்டு மின்னலுக்கு இடைப்பட்ட நொடிகளால் 1,125-ஐ வகுத்தால் அந்த நேரத்து வாட் கிடைக்கும்; 1600 என்றிருந்தால் 2,250-ஐ வகுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு நாள் பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டோம் என்று சொன்னபிறகு நான் நின்று எண்ணினேன். 25 நொடிக்கு ஒரு முறை மின்னியது. அதாவது 45 வாட். தேடிப் பார்த்தால் தொலைக்காட்சியை ரிமோட்டில் அணைத்துவிட்டு செட்டாப் பாக்ஸை அப்படியே விட்டிருந்தார்கள், இணைய மோடம் ஓடிக்கொண்டிருந்தது, நிரம்பிய பேட்டரியை இன்வெர்ட்டர் சொட்டுச் சொட்டாக நிரப்பிக்கொண்டிருந்தது. 45 வாட் இரவு பகலாக 60 நாள் ஓடினால் 65 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் 100 இலவச யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு, யாரும் எதையும் அனுபவிக்காமலேயே போய்விட்டது. கைப்பேசி சார்ஜரைக் கழற்றிவிடச் சொல்லி வீட்டில் சண்டை போடுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. சும்மா இருக்கும் சார்ஜர் எடுப்பது எண்ணத்தக்கதே அல்ல. இரண்டு மாத அளவு 500 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டுகளுக்கான குறைந்த கட்டணச் சலுகையும் குறைந்துவிடும் என்பதால், 510 யூனிட் ஓடும் வீட்டுக்கு இந்தச் சில்லறைக் கசிவே பெரிய பணம்.

நம் ஊரில் மின்விசிறிதான் முதலிடம். 75 வாட் பழைய மின்விசிறியின் இடத்தில் 30 வாட் விசிறி, நாளுக்கு 15 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கே 40 யூனிட் குறையும். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகிவிட்டதால் கடையில் பார்த்து வாங்கலாம். சுவரில் பெரிய பெட்டியாக, தொட்டால் சுடும் பழைய ரெகுலேட்டர் இருந்தால் அதையும் மாற்றுங்கள். வேகத்தைக் குறைத்தால் மிச்சமாகும் மின்சாரத்தை அது சூடாக்கி வீணடிக்கிறது. ஏசியை 24-க்குக் கீழே இறக்காதீர்கள், முடிந்தால் 26 வைத்துக் கூடவே மின்விசிறியைப் போடுங்கள். ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 6 சதவீதம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. இதில் வேலூருக்கென்று ஒரு வசதி உண்டு. சென்னையில் கடற்காற்றின் ஈரத்தில் ஏர்கூலர் வெறும் புழுக்கப் பெட்டி; இங்கே ஏப்ரல், மே மாதக் காற்று வறண்டிருப்பதால், ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டினால் 150 முதல் 200 வாட்டிலேயே நன்றாகக் குளிர்விக்கும். ஒன்றரை டன் ஏசி அதைப் போல ஏழெட்டு மடங்கு எடுக்கும். மொட்டைமாடிக்குக் கோடை தொடங்குமுன் வெள்ளைச் சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு பூச்சு அடிப்பது நான் அறிந்ததிலேயே மலிவான மின்சேமிப்பு. மாலை உச்ச நேரத்தில் மின்சாரத்தைக் கேட்பது உண்மையில் அந்தக் கூரைதான், அது பகலில் குடித்த வெயிலை இரவில் கக்குகிறது.

தண்ணீரையும் மின்சாரக் கணக்கில் எழுத வேண்டிய ஊர் நம் ஊர். பாலாறு ஓடினால் கிணற்றில் கைக்கு எட்டும் தண்ணீர். ஓடாத ஆண்டுகளே அதிகம் என்பதால் போர் போட்டு இறங்கிக்கொண்டே போகிறோம். 200 அடி ஆழத்திலிருந்து 1,000 லிட்டர் தண்ணீரை ஏற்ற, வீட்டு மோட்டார்களின் திறனைக் கணக்கிட்டால் அரை யூனிட் ஆகும். 400 அடி என்றால் ஒரு யூனிட். தொட்டி நிரம்பி வழிந்து தெருவில் ஓடுவதும், கழிவறைப் பீங்கானில் ஓயாமல் ஒழுகுவதும் மீட்டரில்தான் போய்ச் சேரும்.

உங்கள் மாமனாரின் மோட்டாருக்கு வருகிறேன். இரண்டு முறை காயில் எரிந்தது என்றால் காயில் கட்டியவரைச் சந்தேகிக்குமுன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். நம் கிராமங்களில் மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வருகிறது, மற்ற நேரத்தில் இருமுனைதான். எப்போது வந்தாலும் தானே ஓடட்டும் என்று எல்லா நிலத்திலும் ஆட்டோ சுவிட்ச் மாட்டியிருப்பார்கள். 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 7, 8 ஆம்பியர். புறப்படும்போது 40-க்கு மேல். ஒரே டிரான்ஸ்பார்மரில் பத்து மோட்டார் ஒரே நொடியில் புறப்பட்டால் 400 ஆம்பியர் கேட்கும், கொடுப்பதற்கு இருப்பது 133. வோல்டேஜ் படுத்துவிடும், மோட்டார்கள் எழ முடியாமல் முனகும், காயில் சூடேறும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரிலும் வோல்டேஜ் 20 சதவீதம் குறைந்தால் மின்னோட்டம் 25 சதவீதம் ஏறும், காயிலில் எழும் வெப்பம் ஒன்றரை மடங்காகும். இரண்டாவது, இருமுனை மின்சாரத்தில் கண்டன்சர் போட்டு மும்முனை மோட்டாரை ஓட்டும் பழக்கம். ஓடும், ஆனால் மூன்று காயிலும் சமமாக உழைக்காது, ஒன்று வெந்துபோகும். மூன்றாவது, மின்னோட்டம் மிகும்போது மோட்டாரை நிறுத்த ஸ்டார்ட்டரில் உள்ள ரிலே அடிக்கடி விழுகிறது என்று அதை நேராக இணைத்துவிடுவது. காய்ச்சலைக் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைத்த கதை.

ஆட்டோ சுவிட்சைக் கழற்றச் சொன்னால் யாரும் கழற்ற மாட்டார்கள். இரவு இரண்டு மணிக்குக் கழனிக்குப் போவது யார்? அதற்குப் பதிலாகத் தாமத டைமர் ஒன்றைச் சேர்த்துவிட்டு, பக்கத்து நிலத்துக்காரர்களோடு பேசி, ஒருவருக்கு 2 நிமிடம், அடுத்தவருக்கு 4, அதற்கடுத்தவருக்கு 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்காளிகளுக்குள் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்த ஊர்தானே, கரண்டுக்கும் முறை வைக்கலாம். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டார் எவ்வளவு இழுத்தால் என்ன என்று இருந்துவிட வேண்டாம், வோல்டேஜ் படுத்தால் நட்டம் அவருக்கே. இரண்டரை அங்குலக் குழாயை மூன்று அங்குலமாக மாற்றினால் உராய்வு இழப்பு பாதிக்கும் கீழே போகும். செங்கோண வளைவுகளைக் குறைத்து, தண்ணீர் தடையின்றி நுழையும் நல்ல ஃபுட் வால்வு போட்டால் அதே நேரத்தில் கூடுதல் மடை பாயும். மும்முனை மின்சாரம் சில மணி நேரமே கிடைக்கும்போது இது மின்சேமிப்பைவிடப் பயிர் சேமிப்பு.

அந்தச் சிறிய பெட்டியை வாங்காதீர்கள். வகுப்பில் ஒன்றை மாணவர்கள் எதிரிலேயே பிரித்தேன். உள்ளே ஒரு கண்டன்சர், ஒரு பச்சை எல்இடி, நம்பும்படி கனமாக இருக்கக் கொஞ்சம் பிசின். கண்டன்சர் மின்காரணியை, அதாவது இழுக்கும் மின்னோட்டத்தில் எவ்வளவு பங்கு வேலைக்குப் பயன்படுகிறது என்ற அளவை (பவர் ஃபேக்டர்), திருத்தும், தொழிற்சாலைகளிலும் கிணற்று மோட்டார்களிலும் அதற்கு உண்மையான வேலை இருக்கிறது. ஆனால் வீட்டு மீட்டர் எண்ணுவது வாட் மணியை மட்டுமே, அதில் இந்தப் பெட்டியால் ஓர் இலக்கம்கூடக் குறையாது. அந்தப் பச்சை விளக்கு எரிகிற செலவுதான் கூடும்.

கூரைச் சூரிய மின்சாரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனினும் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருப்பதால் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோவாட் தகடு நம் பக்கத்தில் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும்; 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. பில் குறையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பேட்டரி இல்லாமல் மின்கம்பியோடு இணைத்த தகடு, தெருவில் கரண்ட் போனவுடன் உச்சி வெயிலிலும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனின் உயிருக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். மின்வெட்டிலிருந்து தப்பிக்க என்று நினைத்து வாங்கியவர்கள் கடையில் போய்ச் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

பையனின் படிப்புக்கு, முழு வீட்டையும் இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டாம். அவன் அறைக்கு மட்டும் ஒரு பிஎல்டிசி மின்விசிறி, மேசையில் தலைக்கு மேலிருந்து விழாமல் இடப்பக்கத்திலிருந்து விழும்படி 5 வாட் எல்இடி விளக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து 35 வாட். அதே 150 ஆம்பியர் மணி பேட்டரி அவனுக்கு ஓர் இரவைத் தாண்டியும் வரும். நீங்களும் மற்றவர்களும் அந்த இரண்டு மணி நேரம் மொட்டைமாடிக்குப் போய்விடுங்கள், அங்கே காற்று இல்லாவிட்டாலும் பனையோலை விசிறி இன்னும் குடியாத்தம் சந்தையில் கிடைக்கிறது.